கற்பனை வரைபடத்துக்கும் ஒரு மேசை போடுங்கள்

தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் அமைப்பாளர்களுக்கும் நம் பள்ளிகளின் தமிழாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

அடுத்த ஏப்ரலுக்கான வேலையை இந்நேரம் தொடங்கியிருப்பீர்கள். அரங்கம் பிடிப்பது, நடுவர்களைக் கேட்பது, போட்டி விதிகளை எழுதுவது என்று கை நிறைய வேலை இருக்கும். அதற்கு நடுவில் ஒரு கோரிக்கையோடு வருகிறேன். பேச்சுக்கும் கதைக்கும் கவிதைக்கும் விவாதத்துக்கும் நாடகத்துக்கும் விழாவில் இடம் இருப்பது போல, கற்பனை வரைபடத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள். பெரிய மேடை வேண்டாம். ஒரு மேசை, படங்களை ஒட்ட ஒரு சுவர், போட்டி விதிகளில் ஒரு பத்தி போதும்.

கற்பனை வரைபடமா, அது என்ன என்று உங்களில் சிலர் கேட்கலாம். இல்லாத ஊரை வரைவது ஒரு வகை. ஒரு தீவை மனத்தில் வைத்துக்கொண்டு, மலை எங்கே நிற்கும், மழை எந்தப் பக்கம் கொட்டும், ஆறு எந்த வழியாக இறங்கும், துறைமுகம் எந்த முனையில் அமையும், அங்கே முதலில் குடியேறியவர்கள் யார் என்று ஒவ்வொன்றாக யோசித்து வரைவார்கள். உள்ள ஊரை மாற்றி வரைவது இன்னொரு வகை. கடலைத் தூர்க்கும் நிலமீட்பே நடக்காமல் இருந்திருந்தால் நம் கடற்கரை எங்கே இருக்கும்? சிங்கப்பூர் ஆற்றின் நடுவில் இருந்த புலாவ் சைகோன் தீவு கரையோடு சேர்க்கப்படாமல் அப்படியே இருந்திருந்தால் அதில் இன்று என்ன இருக்கும்? தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை ஓடிய மலாயா ரயில் பாதை எம்ஆர்டி என்ற நகர ரயில் தடமாக மாறியிருந்தால் எந்தெந்த இடத்தில் நிலையம் வந்திருக்கும்? மறைந்துபோன இடங்களை நினைவிலிருந்து வரைவதையும் நாங்கள் இதோடுதான் சேர்த்துக்கொள்கிறோம்.

நாங்கள் என்றால் அமைப்பு ஒன்றும் இல்லை. சிங்கப்பூரில் தமிழில் வரைபடம் வரைந்து பார்ப்பதில் ஆசை உள்ள சிலர், அவ்வளவுதான். கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவர் உண்டு, தாதி உண்டு, பாலர் பள்ளி ஆசிரியை உண்டு, தேசிய சேவையில் இருக்கும் பையன்கள் உண்டு. வரைந்ததை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வோம். நேரம் கிடைத்தால் ஏ3 தாளில் அச்சடித்துக் காப்பிக்கடை மேசையில் விரித்துப் பேசுவோம். எங்களில் ஒருவர் தேவாரப் பாடல் பெற்ற தலங்களை எம்ஆர்டி வரைபடம் போல வரைந்திருக்கிறார். காவிரியின் வடகரைத் தலங்கள் 63, தென்கரையில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நம் முன்னோர் இந்தத் தலங்களைக் கரைவாரியாக, ஊர் ஊராக வரிசைப்படுத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர் செய்தது அந்த வரிசைக்குப் பச்சையும் ஊதாவும் தீட்டி, எந்த ஊரில் தடம் மாற வேண்டும் என்று வட்டம் போட்டதுதான். கோயிலுக்குப் போகாத பிள்ளைகளும் அந்தப் படத்தின் முன்னால் நின்று 'இங்கேயிருந்து அங்கே போக எங்கே இறங்கி மாறணும்?' என்று விரலால் தடவிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இனி இந்த மடலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் அண்ணன் மகள் உயர்நிலை மூன்றில் படிக்கிறாள். பள்ளியில் ஐந்திணை படித்த நேரத்தில் சிங்கப்பூரை ஐந்து திணையாகப் பிரித்து ஒரு வரைபடம் வரைந்தாள். முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்வது எல்லா மாணவர்களும் செய்கிறதுதான். தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். வரைபடம் என்று உட்கார்ந்ததும் அவள் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் ஒரு முடிவு எடுக்க வேண்டியதாயிற்று. குறிஞ்சி எளிது: 163 மீட்டர் சொச்சம் உயரமே உள்ள புக்கிட் தீமாதான் நமக்குக் கிடைத்த மலை. மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றியுள்ள காடு முல்லை ஆயிற்று. நெய்தலுக்குக் கிழக்குக் கடற்கரையைத்தான் எல்லாரும் சொல்வார்கள். அவள் அதோடு விடவில்லை. தெலுக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டப்பட்டபோது அதற்கு எதிரே கடல் இருந்தது என்று எங்கேயோ படித்திருக்கிறாள். அதனால் தன் வரைபடத்தில் கடலை மறுபடியும் அந்தத் தெரு வரைக்கும் கொண்டுவந்து, அந்தக் கரைக்கு 'நாகூரார் துறை' என்று பெயர் எழுதி, நெய்தலின் நீலத்தைப் பூசினாள். இன்று வானளாவிய அலுவலகங்கள் நிற்கும் இடமெல்லாம் அவள் படத்தில் தண்ணீர்.

மருதத்துக்கு லிம் சூ காங் பண்ணைகளைத்தான் காட்டுவாள் என்று நினைத்திருந்தேன். காட்டினாள். அப்புறம் தோ பாயோவையும் அங் மோ கியோவையும் அதே நிறத்தில் நிரப்பினாள். ஏன் என்று கேட்டதற்கு, 'மருதத்துக்கு உரிப்பொருள் ஊடல். ஊடல் வீட்டில்தானே சித்தப்பா நடக்கும்? வீடு எல்லாம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில்தானே இருக்கு?' என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, மகிழ்ச்சியாக இருந்தது.

பாலைதான் என்னை உலுக்கியது. சிங்கப்பூரில் பாலை நிலம் ஏது? மழை பெய்யாத மாதமே இல்லாத ஊர். துவாஸ் பக்கம் புதிதாகக் கொட்டிய மணலைக் காட்டிவிட்டு அவள் முடித்திருக்கலாம். பாலையின் உரிப்பொருள் பிரிவு என்பதைப் பிடித்துக்கொண்டு அவள் வேறு வழியில் போனாள். சாங்கி விமான நிலையத்தின் புறப்பாட்டுக் கூடத்தைப் பாலை ஆக்கினாள். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைப் பாலை ஆக்கினாள். பிறகு துவாஸ், பெஞ்சூரு, சுங்கை காடுட் என்று வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகள் உள்ள இடங்களையெல்லாம் ஒவ்வொரு திட்டாகப் பாலை நிறத்தில் குறித்தாள். ஓரத்தில் சிறிய எழுத்தில் 'பொருள்வயின் பிரிந்தோர் இருக்கை' என்று எழுதியிருந்தாள். பொருள் தேடித் தலைவன் பிரிந்து போனதைச் சங்கப் பாடலாகப் படித்த ஒரு பதினைந்து வயதுப் பெண், தன் வீட்டிலிருந்து பேருந்து தூரத்தில் அதே பிரிவு படுத்துத் தூங்குகிறது என்று கண்டுபிடித்திருக்கிறாள். இதைக் கட்டுரையாக எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பாளா என்று எனக்குச் சந்தேகம்தான். இடத்தைக் குறிக்க வேண்டியிருந்ததால்தான் இந்த எண்ணமே வந்தது.

அந்தப் படத்தை மாணவர்களுக்கான ஒரு படைப்புப் போட்டிக்கு அனுப்பினாள். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. 'இது எழுத்துப் படைப்பு அல்ல, மேலும் இடப்பெயர்கள் தவறாக உள்ளன' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் அழவெல்லாம் இல்லை. 'தமிழ்ல இது செய்யக்கூடாது போல' என்று சொல்லிவிட்டுப் படத்தைச் சுருட்டி அலமாரிக்கு மேலே வைத்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அமைப்பாளர்களே, ஆசிரியர்களே, அது உண்மை இல்லை என்று அவளுக்கும் அவளைப் போன்ற பிள்ளைகளுக்கும் நீங்கள் சொன்னால்தான் எடுபடும். நான் சொன்னால் சித்தப்பா ஆறுதல் சொல்கிறார் என்று போய்விடும்.

இடப்பெயர்கள் தவறு என்ற குறையைக் கொஞ்சம் பார்ப்போம். இந்த நகரத்தின் பெயர்பெற்ற முதல் திட்டப்படமே அந்தக் கணக்கில் தவறான படம்தான். 1822இல் ராஃபிள்ஸ் சொன்னபடி லெஃப்டினென்ட் ஃபிலிப் ஜாக்சன் வரைந்த நகரத் திட்டம், 1828இல் அச்சாகி வெளிவந்தது. நேர்நேராகக் கட்டம் போட்ட தெருக்கள், யார் யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்ற பிரிவுகள், ஆற்றின் மேல்பக்கமாகச் சூலியர்கள் எனப்பட்ட தென்னிந்தியர்களுக்கு ஒரு கம்பம், அதாவது கிராமக் குடியிருப்பு. பள்ளிப் பாடங்களில் அதைப் பார்க்கிற நம் பிள்ளைகள் அன்றைய சிங்கப்பூர் அப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதில் உள்ள தெருக்கள் பல அந்த வடிவில் போடப்படவே இல்லை. சூலியர்களும் தாளில் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்கி இருக்கவில்லை. வியாபாரம் நடந்த ஆற்றங்கரையையும் கடற்கரையையும் ஒட்டித்தான் வாழ்ந்தார்கள். ஜாக்சன் வரைந்தது இப்படி ஆக வேண்டும் என்ற ஆசையை. அந்த ஆசையைப் பார்த்துப் பார்த்துத்தான் பின்னால் வந்தவர்கள் ஊரைக் கட்டினார்கள், அதிலிருந்து விலகியும் கட்டினார்கள்.

அதற்குப் பிறகும் இந்த ஊர் அப்படியேதான் வளர்ந்திருக்கிறது. 1971இல் வெளிவந்த கருத்துத் திட்டம், நடுவிலிருக்கும் நீர்ப்பிடிப்புக் காட்டைச் சுற்றி வளையமாகப் புதுநகரங்களைக் காட்டியது. அன்றைக்கு அவற்றில் பல இடங்கள் ரப்பர் மரமும் பன்றிப் பண்ணையும் கம்பமுமாக இருந்தன. 1960களில் 580 சதுர கிலோமீட்டர் சொச்சமாக இருந்த நிலம் இன்று 730ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கூடுதல் நிலம் ஒவ்வொன்றும் மண்ணாக ஆகும் முன்னால் யாரோ ஒருவருடைய தாளில் கோடாக இருந்தது. கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் திட்டமிடப்படும் லாங் ஐலண்ட், கிட்டத்தட்ட 800 ஹெக்டேர், இன்னும் கோடாகத்தான் இருக்கிறது.

அரசாங்கம் மட்டும் வரைந்த கோடுகள் இல்லை இவை. 1965இல் தொடங்கிய ஸ்பர் என்ற குழுவில் கட்டடக் கலைஞர்களும் நகரத் திட்டமிடுவோரும் தங்கள் சொந்த நேரத்தில் கூடிப் பேசினார்கள். பாய லேபார் விமான நிலையத்தைப் பெரிதாக்க வேண்டாம், சாங்கிக்கு மாற்றுங்கள் என்று 1970களின் தொடக்கத்திலேயே வாதாடியவர்கள் அவர்கள். சாங்கியில் கட்டுவது என்ற முடிவு 1975இல் வந்தது, 1981இல் விமான நிலையம் திறந்தது. மலாயா ரயில் நிலத்தின் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிலம் 2011இல் சிங்கப்பூரின் கைக்கு வருவதற்கு முந்தைய ஆண்டே, அதை முழுவதும் ஒரே பசுமைத் தடமாக விட்டுவையுங்கள் என்று நேச்சர் சொசைட்டி என்ற இயற்கை ஆர்வலர் சங்கம் ஒரு யோசனையை எழுதிக் கொடுத்தது. இன்று 24 கிலோமீட்டர் ரயில் பாதைப் பசுமைத் தடத்தில் நாம் நடக்கிறோம். 'இது இப்படி இருந்தால்?' என்று வரைந்து காட்டுவது இந்த ஊரில் அந்நியமான பழக்கம் இல்லை. அதைத் தமிழில் யாரும் செய்யச் சொல்லவில்லை, அதுதான் குறை.

நாம் தினமும் ஏறி இறங்கும் எம்ஆர்டியில் கதவுக்கு மேலே இருப்பதும் மாற்றி வரைந்த வரைபடம்தானே. லண்டன் சுரங்க ரயிலில் படம் வரையும் வேலையில் இருந்த ஹாரி பெக், யாரும் கேட்காமல் தன் ஓய்வு நேரத்தில் 1931இல் வரைந்த படத்திலிருந்து வந்த வழி அது. தூரத்தை விட்டுவிட்டார், திசையை நேராக்கினார். முதலில் வேண்டாம் என்றார்கள். 1933இல் அச்சடித்துக் கொடுத்ததும் மக்கள் பிடித்துக்கொண்டார்கள். நம் நிலப் போக்குவரத்து ஆணையம் 2019 டிசம்பரில் வெளியிட்ட ரயில் வரைபடத்தில் வட்டப் பாதை அழகான வட்டமாக வந்தது. பூமிக்கு அடியில் தண்டவாளம் அப்படி வளைந்து ஓடவில்லை. அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை.

சரி, எது கற்பனை, எது பொய் என்ற கேள்வி இருக்கிறது. இதை நான் லேசாகத் தாண்டிப் போக மாட்டேன். நம்மைவிட இந்தக் கேள்வி நன்றாகத் தெரிந்தவர்கள் இருக்க முடியாது.

குமரிக்கண்டத்தின் வரைபடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கடல் கொண்ட பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் சிலப்பதிகாரம் சொல்கிறது. அதற்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், அழிந்த 49 நாடுகளைக் கணக்குச் சொல்கிறார். இவை இலக்கியம், மிகப் பெரிய இழப்பின் நினைவு. 1864இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே மாதிரி விலங்குகளின் தடயம் இருப்பதை விளக்க, நடுவில் ஒரு நிலம் இருந்திருக்கும் என்று சொல்லி அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். பிற்பாடு நம்மவர்கள் இரண்டையும் இணைத்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் அதற்கு வரைபடங்கள் வந்தன. இந்தியப் பெருங்கடலில் பாதியை நிரப்பி, ஆறும் மலையும் நாட்டுப் பெயரும் எழுதி, பார்த்தவுடன் நம்பும்படி வரைந்தார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்று நிலவியல் நிறுவிய பிறகு ஸ்கிளேட்டரின் நிலம் தேவையில்லாமல் போயிற்று. வரைபடம் மட்டும் போகவில்லை. இன்றைக்கும் அது வாட்ஸ்அப்பில் உண்மை என்று சுற்றுகிறது.

அந்தப் படங்களை வரைந்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. இழந்த நிலத்துக்காக ஏங்கி வரைந்தது அழகான வேலை. மூலையில் 'இது நூல்களைப் படித்து நாங்கள் கற்பனை செய்தது' என்று ஒரு வரி இருந்திருந்தால் அது தமிழ்க் கற்பனையின் பெரும் சாதனையாகக் கொண்டாடப்பட்டிருக்கும். அந்த வரி இல்லாததால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை நிலவியலாகப் படித்து, பின்னால் வெளியில் போய் வெட்கப்படும்படி ஆயிற்று. அதனால்தான் எங்கள் வட்டத்தில் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறோம். ஒவ்வொரு படத்திலும், வெட்டி எடுக்க முடியாத இடத்தில், நிலத்துக்குள்ளேயே 'கற்பனை வரைபடம்' என்று எழுத வேண்டும். ஓரத்தில் எழுதினால் யாராவது கத்தரித்துப் பகிர்ந்துவிடுவார்கள். வரைந்தவர் பெயரும் ஆண்டும் வேண்டும். எதை மாற்றினோம் என்று இரண்டு வரிக் குறிப்பு வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போன்ற, யாரும் திருத்தக்கூடிய பொது இணைய வரைபடத்துக்குள் போய் இல்லாத தெருவை யாரும் சேர்க்கக் கூடாது; அங்கே உண்மையான இடங்களுக்குத் தமிழ்ப் பெயர் சேர்க்கும் வசதி இருக்கிறது, ஆசைப்பட்டால் அதைச் செய்யலாம். அது வேறு வேலை, நல்ல வேலை.

நாட்டு எல்லையைத் தொட்டு விளையாட வேண்டாம் என்பதும் எங்கள் பழக்கம். சிங்கப்பூரும் மலேசியாவும் உரிமை கோரிய பெட்ரா பிராங்கா தீவு வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2008 மே மாதம் தீர்ப்புச் சொன்னபோது, 1962 முதல் 1975 வரை மலேசியத் தரப்பில் அச்சான வரைபடங்களில் அந்தத் தீவின் கீழ் சிங்கப்பூர் என்று குறித்திருந்ததும் பார்க்கப்பட்ட சான்றுகளில் ஒன்று. வரைபடத்தில் ஒரு சிறிய அடைப்புக்குறிக்கு அவ்வளவு எடை உண்டு. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொன்னால் போதும், அவர்களே கவனமாகிவிடுகிறார்கள். பொய்ச் செய்தியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தாள் தாளாகப் பாடம் நடத்துவதைவிட, ஒரு பொய்யான கடற்கரையைத் தானே வரைந்து அதைக் கற்பனை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வைப்பது மேல் என்பது என் கருத்து.

தமிழுக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்பது உங்கள் கடமை. வரைபடத்தில் சும்மா நிரப்ப இடம் கிடையாது. ஒரு தீவை வரைந்தால் மேடு, திட்டு, ஓடை, கழிமுகம், மதகு, முனை, துறை, குடா என்று ஒவ்வொன்றுக்கும் சொல் தேவைப்படும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்குக்கூட இந்தச் சொற்களை உச்சரிக்க வாய்ப்பே வருவதில்லை. வரையும்போது அவர்களே வந்து கேட்கிறார்கள், 'ஆறு ரெண்டா பிரிஞ்சு கடல்ல விழுதே, அந்த இடத்துக்கு என்ன பேரு?' என்று. கேட்டுத் தெரிந்துகொண்ட சொல் தங்கிவிடுகிறது.

எழுத்தைப் பார்க்கும் கண்ணும் மாறுகிறது. வரைபடத்தில் பெரிய நிலப்பரப்பின் பெயரை அகலமாகப் பரப்பி எழுதுவது வழக்கம். தமிழில் அதைச் செய்து பாருங்கள். 'கொக்குத் திட்டு' என்று ஒரு சதுப்புத் தீவுக்குப் பெயர் வைத்து, எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டினால், பல மென்பொருள்களில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், ககரம் நடுவில், கால் இன்னொரு பக்கம் என்று 'கொ' மூன்றாக உடைந்து போகும். ஆற்றின் வளைவோடு பெயரை வளைத்தாலும் அதே தொல்லை. அதனால் நாங்கள் எழுத்தை உடைக்காமல் 'கொ' என்பதை ஒரே துண்டாக வைத்து ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்துகிறோம், அல்லது பரப்பாமல் அளவை மட்டும் பெரிதாக்குகிறோம். நீர்நிலைப் பெயர்களைச் சாய்வெழுத்தில் போடுவது உலக வழக்கம். தமிழில் நல்ல சாய்வெழுத்து அபூர்வம், கணினி நேர் எழுத்தைத் தள்ளிச் சாய்த்தால் பார்க்கச் சகிக்காது. ஆகவே நீல நிறமே போதும் என்று வைத்துக்கொண்டோம். 'ஞ', 'ழு' போன்ற எழுத்துகளின் வால் கீழே இறங்கி ஆற்றுக் கோட்டில் முட்டும் என்பதால் பெயரை ஆற்றுக்கு மேலே எழுதுகிறோம். இதையெல்லாம் ஒரு பிள்ளை செய்து முடிக்கும்போது தமிழ் எழுத்தின் உடம்பு அதற்குப் பழகிவிடுகிறது. எழுத்துரு வடிவமைக்கும் ஆர்வம் இப்படித்தான் இரண்டு பையன்களுக்கு எங்களிடையே பிறந்தது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டுமான வேலை செய்யும் தம்பி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு உட்கார்ந்தார். புதுக்கோட்டைப் பக்கம். 'எனக்கு வரையத் தெரியாதுண்ணே' என்றார். உங்கள் சிங்கப்பூரை மட்டும் போடுங்கள் என்றோம். அவர் படத்தில் இருந்தது மூன்றே இடங்கள்: விடுதி, சைட்டு, தேக்கா என்கிற லிட்டில் இந்தியா வட்டாரம். மூன்றுக்கும் நடுவில் சாலை இல்லை. நிறைய மரங்களை வரிசையாகப் போட்டிருந்தார், எல்லாம் பின்னால் ஓடுகிற மாதிரி சாய்ந்திருந்தன. லாரியின் பின்பக்கம் உட்கார்ந்து போகிறவருக்குத் தெரிவது அதுதான். அதே தாளின் மறுபக்கத்தில் தன் ஊரை வரைந்தார். அதில் ஒவ்வொரு வேப்ப மரமும் யார் வீட்டு மரம் என்று எழுதியிருந்தது. கம்மாய் நிறையத் தண்ணீர் போட்டிருந்தார். இப்போது அவ்வளவு தண்ணீர் இருக்கா என்று கேட்டோம். 'இல்லண்ணே, இருந்தா நல்லாருக்கும்ல' என்றார். பேருந்து நிறுத்தத்திலிருந்து தன் வீடு வரைக்கும் ஒரு தார்ச்சாலையும் போட்டிருந்தார், அதுவும் இன்னும் வராத சாலையாம்.

உங்கள் விழாவில் வெளிநாட்டு ஊழியர்கள் கவிதை வாசிக்கிறார்கள், எழுதுகிறார்கள், மகிழ்ச்சி. எழுத வராதவர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கும் சொல்ல இருக்கிறது என்பதை அந்தத் தாளில் பார்த்தேன். செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்த பெரியவர்களும் அப்படித்தான். பிரிட்டிஷ் படை 1971இல் வெளியேறிய பிறகு அந்த வாழ்க்கை மெல்லக் கலைந்துவிட்டது. எந்த வரிசை வீட்டுக்குப் பின்னால் கால்பந்துத் திடல், எந்த மரத்தடியில் முருகன் என்பது அவர்களுக்கு மட்டும்தான் தெரியும். அவர்கள் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளைகள் வரையலாம். பேட்டி எடுப்பதைவிட இது சீக்கிரம் பேச வைக்கும். ஒரு கோட்டைத் தவறாகப் போட்டால் போதும், 'இல்லம்மா, பொதுக் குழாய் அந்தப் பக்கம்' என்று தாத்தாவே பேனாவைப் பிடுங்கிவிடுவார்.

செய்வதற்குச் செலவு குறைவு. சிங்கப்பூர் நில ஆணையத்தின் ஒன்மேப் என்ற இணைய வரைபடம் 2010 முதல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. 55 திட்டப் பகுதிகளின் எல்லைக் கோடுகளும் பெருந்திட்டத்தின் நிலப் பயன்பாட்டு அடுக்குகளும் அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கின்றன. பழைய வரைபடங்களைத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக நூலகத்திலும் இணையம் வழியாகவே பார்க்கலாம். எங்கிருந்து எடுத்தோம் என்று படத்திலேயே குறிப்பிட வேண்டும், பயன்படுத்தும் விதிகளைப் படித்துவிட்டு எடுக்க வேண்டும். கணினி தெரிந்தவர்களுக்குக் வரைபட மென்பொருள் கியூஜிஐஎஸ், படம் வரையும் மென்பொருள் இங்க்ஸ்கேப் இரண்டும் காசில்லாமல் கிடைக்கின்றன. தெரியாதவர்களுக்கு டிரேசிங் தாளும் பென்சிலும் போதும்.

ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான். ஐந்திணை நடத்தும் வாரத்தில் ஒரு பாடவேளையை வரைபடத்துக்குக் கொடுங்கள். பக்கத்து வட்டாரத்தை டிரேசிங் தாளில் எடுத்து, எது எந்தத் திணை என்று குழுவாக முடிவு செய்யச் சொல்லுங்கள். ஏன் என்று ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். படம் அழகாக இருக்கிறதா என்று மதிப்பெண் போடாதீர்கள், அந்த வாக்கியத்துக்குப் போடுங்கள்.

அமைப்பாளர்களிடம் கேட்பது இது. விழா நடக்கும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊழியர்கள் வரக்கூடிய நேரத்தில், தேக்காவிலிருந்து நடந்து வரும் தூரத்தில் ஓர் இடம். போட்டி வைப்பதானால் மாணவர்கள், பெரியவர்கள் என்று பிரியுங்கள். இடப்பெயர் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்க வேண்டும், 'கற்பனை' என்ற குறிப்பு நிலத்துக்குள் இருக்க வேண்டும், எதை ஏன் மாற்றினார் என்று 150 சொல்லுக்குள் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பு எழுத்துப் படைப்புத்தான் என்பதை விதியில் தெளிவாகப் போட்டுவிடுங்கள். நடுவர்களில் ஒருவராவது வரைபடம் தெரிந்தவராகவும் ஒருவராவது சங்க இலக்கியம் தெரிந்தவராகவும் இருக்கட்டும்.

தாள், பேனா, அச்சு எங்கள் பொறுப்பு. வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்கிறோம். ஜனவரிக்குள் இடம் எது என்று சொல்லிவிட்டால், விடுதிகளில் இருக்கும் தம்பிகளுக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி அவர்கள் அன்றைக்கு ஓய்வு நாள் கேட்டு வைக்க முடியும். பள்ளிகளுக்கும் பிப்ரவரியில் தெரிந்தால்தான் வசதி. அலமாரிக்கு மேலே இருக்கும் அந்தப் படத்தை அனுப்பலாமா என்று அண்ணன் மகளிடம் கேட்டுவிட்டேன். விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

அன்புடன்,
ஈசூனிலிருந்து,
தமிழில் வரைபடம் வரையும் ஒருவர்